இரைச்சலுக்குள் இரு குரல்கள்: 'லோ' இசைக்குழுவின் பிற்காலத் தொகுப்பு

ஒரு கலைஞரின் பிற்காலப் படைப்பு என்றதும் கனிவையும் தெளிவையும் எதிர்பார்ப்பது நம் வழக்கம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரை நகரான துலூத்தில் பிறந்த 'லோ' ராக் இசைக்குழு அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. குழு தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் ஆன நிலையில், 2018 செப்டம்பரில் வெளிவந்த 'டபுள் நெகட்டிவ்' அதுவரையிலான அவர்களின் தொகுப்புகளில் மிகக் கரடுமுரடானது.

கிதார் வாசித்துப் பாடிய ஆலன் ஸ்பார்ஹாக், தாளம் வாசித்துப் பாடிய மிமி பார்க்கர் என்ற தம்பதியர் 1993இல் குழுவைத் தொடங்கியபோது இரைச்சல் மிகுந்த கிரஞ்ச் ராக் இசை கோலோச்சிக்கொண்டிருந்தது. இவர்களோ விளம்ப காலத்தையும் தாழ்ந்த ஒலியையும் கைக்கொண்டார்கள். மிமி முழு டிரம் செட்டை நாடவில்லை. நின்றபடியே, மிகச் சில வாத்தியங்களைப் பிரஷ்ஷால் வருடுவார். 1994இல் வந்த முதல் தொகுப்பான 'ஐ குட் லிவ் இன் ஹோப்'பில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள மௌனமும் பாட்டின் பகுதியே. விமர்சகர்கள் இப்பாணியை 'ஸ்லோகோர்' என்றார்கள்.

'டபுள் நெகட்டிவ்' விஸ்கான்சின் மாநிலத்து ஏப்ரல் பேஸ் ஒலிக்கூடத்தில், தயாரிப்பாளர் பி.ஜே. பர்ட்டனுடன் உருவானது. அதன் முதல் பாடலான 'குவோரம்' தொடங்கியதும் ஒலிபெருக்கி பழுதோ என்று ஐயுற நேரும். ஓர் ஒலி அதிரும்போதெல்லாம் மற்றவை அடங்கி, அது ஓய்ந்ததும் மேலெழும்படி செய்யும் 'சைட்செயின்' உத்தி நடன இசையில் சாதாரணம். அங்கே அது கால்களை ஆடவைக்கும். இங்கே பாட்டையே மூச்சுத் திணறவைக்கிறது. குரல்கள் அமிழ்கின்றன, சிதைகின்றன, மீள்கின்றன. மூன்றாவது பாடலான 'ஃப்ளை'யில் மிமியின் உச்சக்குரல் மேலே வரும்போது, அதற்காகவே காத்திருந்தோம் என்பது புரிகிறது.

அந்தக் காத்திருப்பில்தான் பழைய 'லோ'வும் புதிய 'லோ'வும் சந்திக்கின்றன. 1994இல் மௌனம் செய்த வேலையை 2018இல் இரைச்சல் செய்கிறது. அன்று அடுத்த சுரம் எப்போது வரும் என்று காதைத் தீட்டினோம். இன்று இரைச்சலுக்கு அடியில் குரல் எங்கே என்று தேடுகிறோம். மெட்டுகள் மாறவில்லை. ஆலனும் மிமியும் மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். ஒலிச்சிதைவை நீக்கிக் கேட்டால், வழிபாட்டுப் பாடலை நினைவூட்டும் இரட்டைக்குரல் இசைவு அப்படியே நிற்கும். இறுதிப் பாடலான 'டிஸ்அரே'யில் அந்த இசைவு வெட்டுண்ட தாளத்தின் மேல் தெளிவாகவே ஒலிக்கிறது.

அடுத்த தொகுப்பான 'ஹே வாட்' 2021இல் வந்தது. பர்ட்டனின் ஒலிப்பொறியியலுக்காகக் கிராமி விருதுக்கும் முன்மொழியப்பட்டது. தாளம் ஏறத்தாழ மறைந்துபோன அதில், குரல்களே பாட்டைத் தாங்கின. சினைப்பைப் புற்றுநோயால் 2022 நவம்பரில் மிமி மறைந்தார். 'லோ'வின் பயணமும் அத்துடன் முடிந்தது.

மூத்த குழுக்கள் பலவும் தம் இளமைப் பாணியைக் காப்பதே விசுவாசம் என்று கருதுகின்றன. 'லோ' காத்தது பாணியை அல்ல, அந்தப் பாணி எதற்காகப் பிறந்ததோ அந்த நோக்கத்தை. கேட்பவரின் முழுக் கவனத்தையும் கேட்டுப் பெறுவதற்கு மெல்லிய ஒலி போதாத காலம் வந்தபோது, அவர்கள் தயங்காமல் கருவியை மாற்றினார்கள்.