கைத்துப்பாக்கி மேகசின்: பிரிப்பும் துப்புரவும்

தானியங்கிக் கைத்துப்பாக்கியின் கைப்பிடிக்குள் செருகப்படும் தோட்டாப் பெட்டியே மேகசின். ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைக் குழலின் பின்வாய்க்கு நேரே உயர்த்தி நிறுத்துவது அதன் வேலை. இந்தியப் படைகளிலும் காவல்துறையிலும் அதன் உறுப்புகள் நான்கு பெயர்களால் அறியப்படுகின்றன. தகட்டால் ஆன உடல் கேஸ். தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளுவது பிளாட்ஃபார்ம். அதற்கு விசை கொடுப்பது ஸ்பிரிங். அடியை மூடும் தகடு பாட்டம் பிளேட். கேஸின் மேல்வாயில் உள்நோக்கி வளைந்திருக்கும் இரு விளிம்புகளுக்கு லிப்ஸ் என்று பெயர். தோட்டா எந்தக் கோணத்தில் வெளியேறும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. துப்பாக்கியின் மற்ற பாகங்களோடு ஒப்பிட்டால் விலை குறைந்ததும் அமைப்பில் எளியதும் மேகசின்தான். ஆனால் சுடும்போது தோட்டா சிக்கி நின்றால் ஆயுதங்களைப் பராமரிக்கும் அனுபவமுள்ள ஆர்மரர் முதலில் சந்தேகிப்பதும் அதையேதான்.

தென்காசி, குற்றாலம், அச்சன்புதூர் வட்டாரத்தில் மேகசின் பராமரிப்புக்குக் கூடுதல் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவு கணவாய் வழியாக உள்ளே வரும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே சாரல் காலம். பெரிய மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறையாது. அதே காற்று கிழக்கே சில கிலோமீட்டர் தாண்டியதும் காய்ந்து புழுதியை வாரி இறைக்கிறது. ஆக, ஒரே வாரத்தில் ஈரமும் மண்ணும் மாறிமாறிச் சேரும். எஃகுத் தகட்டால் ஆன மேகசினுக்கு இது நல்ல சூழல் அல்ல. தோல் உறையும் தோல் பையும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் நிலைமை இன்னும் மோசமாகிறது. பதனிட்ட தோலில் நெடுநாள் கிடந்த பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு பூக்கும். அந்தக் களிம்பு மேகசினின் உட்சுவரில் ஒட்டித் தோட்டாவின் நகர்வைத் தடுக்கும்.

கைப்பிடிக்குள் கழற்றி மாட்டும் மேகசின் 1893இல் வந்த போர்ஹார்ட் துப்பாக்கியோடு அறிமுகமானது. அதை உலகெங்கும் பரப்பியது அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தயாரித்த கைத்துப்பாக்கிகள். இவ்வட்டாரத்தின் வரலாற்றிலும் அந்தத் துப்பாக்கிக்கு இடம் உண்டு. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையின் வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத் தயாரிப்பான பிரௌனிங் கைத்துப்பாக்கியால்தான்.

இன்று நம் காவலர்கள் கையாளும் 9 எம்.எம். பிஸ்டல் ஆட்டோ 1ஏ அதே மரபின் பிற்கால வாரிசு. பிரௌனிங் 1926இல் இறந்தபின் டியூடோனே சேவ் முடித்துக் கொடுத்த ஹை பவர் கைத்துப்பாக்கி, 1935இல் வெளிவந்தது. கனடாவின் இங்லிஸ் நிறுவனம் இரண்டாம் உலகப்போரின்போது அதைத் தயாரித்தது. அந்த வடிவத்தைப் பின்பற்றியே கொல்கத்தாவை அடுத்த இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலை இந்திய வகையைச் செய்கிறது. மேகசினில் 13 தோட்டாக்கள் கொள்ளும். உள்ளே அவை இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டு, மேலே வரும்போது ஒரே வரிசையாகச் சேர்கின்றன. குற்றாலப் பேரருவிக்கு இரு பக்கமிருந்தும் வரும் கூட்டம் ஒற்றை வழியில் நுழையும் இடத்தில் எப்படி நெரிசல் உண்டாகிறதோ, அப்படித்தான் இந்தக் கழுத்துப் பகுதியும். உராய்வு அதிகம் இங்கேதான். அழுக்கு கொஞ்சம் சேர்ந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பதும் இங்கேதான். காவல்துறையில் நெடுங்காலம் புழங்கிய 9 எம்.எம். கார்பைன், ஸ்டெர்லிங் துப்பாக்கியின் வழி வந்தது. அதன் 34 தோட்டா மேகசினில் பிளாட்ஃபார்முக்குப் பதில் உருளைகள் உண்டு. தோட்டாக்கள் ஒரே வரிசையாகச் சேர வேண்டிய கட்டாயமும் அதில் இல்லை. புழுதியை அது பொறுத்துக்கொள்வதற்கு இவ்விரண்டுமே காரணம்.

பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் செய்யும்போது சுருக்கம் கூடாது. மேகசினை வெளியே எடுத்து, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். ஹை பவரில் மேகசின் இல்லாவிட்டால் சுடும் விசை (டிரிகர்) வேலை செய்யாது. அந்தப் பழக்கத்தில் ஊறியவர் கிளாக் துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போது ஏமாறுவார். அதில் மேகசினை உருவிய பிறகும் சேம்பரில் இருக்கும் தோட்டா வெடிக்கும். தோட்டாக்களை எண்ணி வேறு மேசைக்கு மாற்றிய பிறகே துப்புரவு தொடங்க வேண்டும்.

கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை. 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள பின் பஞ்ச், நைலான் பிரஷ், ஒரு மூங்கில் குச்சி, பஞ்சு நூல் உதிராத துணி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. துணிக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் நன்றாகவே போதும். பிரஷ்ஷாகப் பழைய பல் துலக்கியும் ஆகும், ஆனால் ஆழத்துக்கு எட்டாது. அடித்தகட்டுப் பொத்தானை அமுக்கத் தோட்டாவின் முனையையே பயன்படுத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. பஞ்ச் கிடைக்காத இடத்தில் பிறந்த பழக்கம் அது. மேசையில் உட்கார்ந்து செய்பவருக்கு அதற்குச் சாக்கு இல்லை.

ஹை பவர் வகையில் பாட்டம் பிளேட்டின் நடுவே ஒரு சிறு துளையும் அதில் தெரியும் ஒரு பொத்தானும் இருக்கும். மேகசினைத் தலைகீழாகப் பிடித்துப் பொத்தானைப் பஞ்ச்சால் அமுக்கியபடியே தகட்டை முன்பக்கமாக நகர்த்த வேண்டும். தகடு பாதி நகர்ந்ததும் கட்டைவிரலால் திறப்பை மூடிக்கொள்வது முக்கியம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் துள்ளிக் கண்ணில் படலாம், அல்லது அறையின் மூலையில் போய் விழலாம். கிளாக் போன்ற பிளாஸ்டிக் உடல் கொண்டவற்றில், பொத்தானை அமுக்குவதோடு உடலின் அடிப்பகுதியை இரு பக்கமும் சற்று நெருக்கிப் பிடித்தால்தான் தகடு விடும்.

அடித்தகடு பிரியாத வகையும் உண்டு. கோல்ட் 1911இன் பழைய மேகசின்கள் இதற்கு எடுத்துக்காட்டு. இதில் வேலை மேல்வாய் வழியாக நடக்கும். பிளாட்ஃபார்மைக் குச்சியால் கீழே அழுத்தி, பக்கவாட்டுத் துளை வழியாகப் பஞ்ச்சைக் குறுக்கே செருகி ஸ்பிரிங்கை நிறுத்த வேண்டும். கவிழ்த்துத் தட்டினால் பிளாட்ஃபார்ம் விழும். பிறகு வாயை விரலால் மூடி, பஞ்ச்சை உருவி, ஸ்பிரிங்கை மெல்ல மேலே விட வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்ததும் அதன் எந்த முனை மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று ஒரு புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது. தலைகீழாகப் போட்ட ஸ்பிரிங் பிளாட்ஃபார்மின் முன்பக்கத்தைத் தாழ்த்திவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். தோட்டாவின் மூக்கு மட்டும் குழலில் நுழையாமல் முட்டும்.

துப்புரவு என்பது பெரும்பாலும் உலர்ந்த வேலை. முதலில் பிரஷ்ஷால் உட்சுவரையும் கழுத்தையும் தேய்த்து மண்ணை வெளியேற்ற வேண்டும். பிசுபிசுத்த கரி இருந்தால் மட்டும் துணியில் சிறிது மண்ணெண்ணெய் அல்லது துப்பாக்கிக் கரைப்பான் நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மறுபடியும் துடைக்கலாம். பிளாஸ்டிக் உறுப்புகளுக்குக் கடுமையான கரைப்பான் ஆகாது. வெளிப்புறத்து மெல்லிய துருவை எண்ணெயில் நனைத்த மிக மென்மையான எஃகுக் கம்பளியால் நீக்கலாம். லிப்ஸைத் தேய்க்கவே கூடாது.

எண்ணெய் விஷயத்தில்தான் பலரும் தாராளம் காட்டுகிறார்கள். மேகசின் குழல் அல்ல, உள்ளே எண்ணெய் ஓட. மேகசினுக்குள் எண்ணெய் விட்டால் புழுதி அதில் குழம்பிச் சேறாகும். நாள்பட்டால் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமருக்குள் கசிந்து அதை வெடிக்காமல் செய்யவும் கூடும். ஸ்பிரிங்குக்கும் வெளித்தகட்டுக்கும் துணியால் பூசிய மெல்லிய படலம் போதும், உட்சுவர் தொட்டால் விரலில் ஒட்டாத அளவு இருக்க வேண்டும். வீட்டில் கிடைக்கிறது என்று தேங்காய் எண்ணெயைப் பூசுவது தவறு. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறையும்; குற்றாலத்துச் சாரல் இரவுக்கு அது பொருந்தாது.

துப்புரவோடு சேர்த்தே பரிசோதனையும் முடிந்துவிடும். லிப்ஸில் விரிசலோ நெளிவோ இருக்கிறதா, கேஸ் கீழே விழுந்து நசுங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கைப் புதியதன் அருகே வைத்தால் நீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். தோட்டா நிரப்பி வைத்தாலே ஸ்பிரிங் செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் நிரப்பி வைப்பதைவிட நல்ல ஸ்பிரிங்கை அதிகமாகத் தளர்த்துவது அழுத்தி விடுவிக்கும் சுழற்சிகள்தாம். மாட்டி முடித்ததும் பிளாட்ஃபார்மை விரலால் அமுக்கி விட்டால் தடையின்றி எழ வேண்டும். டம்மி ரவுண்டுகளை இட்டு ஸ்லைடை இழுத்துப் பார்ப்பது அடுத்த சோதனை. ஒவ்வொரு மேகசினுக்கும் அடியில் பெயிண்டால் எண் போட்டு வைத்தால், சிக்கும்போது எது சிக்குகிறது என்று கண்டுபிடிக்க எளிது.

இந்தியாவில் உரிமம் பெற்ற குடிமக்களிடம் அதிகம் காணப்படும் .32 கைத்துப்பாக்கியில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. அதன் தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிடச் சற்று அகலமானது. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு துப்புரவு செய்தாலும் இது தீராது. நிரப்பும்போதே ஒவ்வொரு தோட்டாவையும் முந்தையதற்கு முன்னால் அமையும்படி இட வேண்டும்.

பிரித்துத் துடைத்து மாட்டுவது உரிமதாரர் தாமே செய்யக்கூடிய பராமரிப்பு. நெளிந்த லிப்ஸை நிமிர்த்துவது, வெல்டு வைப்பது, உடலை மாற்றியமைப்பது அப்படியல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் தேவை. தேர்தல் காலத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது மேகசினைக் காலியாக்கி, தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து, எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்துக் கொடுப்பது நல்லது. வாரக்கணக்கில் ஈரமான அறையில் இருந்து திரும்பி வரும் துப்பாக்கியில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டிய உறுப்பும் மேகசினே.