மீனாட்சியம்மாள் பாடிய மலைநாடு



கண்டி மாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியில், மகியாவையிலே பழைய மயானம் ஒன்று உண்டு. ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்து தேசத்தவர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1867ஆம் ஆண்டில், ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தைத் திருத்தி, இத்தீவிலே வியாபார நோக்கோடு தேயிலை பயிரிடத் தொடங்கியவர் அவர். 1892இல் அவர் காலமானபோது அவருடைய உடலைத் தோட்டத் தொழிலாளர் இரு கூட்டமாகப் பிரிந்து, முறைவைத்துத் தோள்மாற்றிக் கண்டி வரையிலும் சுமந்து வந்தனர்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர்களை அம்மயானத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தோட்டத்திலிருந்து படிக்க வருகின்ற சிறுமி ஒருத்தி, “சேர், தூக்கி வந்தவர்களின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளாகச் சரித்திரம் கற்பிக்கின்ற எனக்கு அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. இன்றைய பேச்சு ஒருவகையில் அச்சிறுமிக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் விடையாகும்.

தொழிலாளர் தனித்தனியே பெயர் பெறாத சரித்திரத்திலே, அவர்களுடைய நிலைமையைப் பாட்டாக்கி அச்சிட்டுக் கொடுத்த பெண்மணி ஒருவர் இருந்தார். மீனாட்சியம்மாள் என்பது அவர் திருநாமம். கோ. நடேசய்யரின் மனைவியார் என்றே பெரும்பாலும் அறியப்பட்டவர். 1940ஆம் ஆண்டில் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற தலைப்பில் அவருடைய பாடல்கள் சிறு நூலாக வெளிவந்தன. தலைப்பைக் கேட்டால் அரசாங்க அறிக்கை போலத் தோன்றும். உள்ளே இருப்பனவோ பாடுவதற்கென்றே இயற்றப்பட்ட பாட்டுக்கள்.

அப்பாட்டுக்களின் பொருளை உணர வேண்டுமாயின், சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் அவசியம். 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் தேதி செய்துகொண்ட உடன்படிக்கையால் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளைக்கு அண்மையிலும் பேராதனைக்கு அண்மையிலும் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1840இல் பிறப்பிக்கப்பட்ட முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை என்று கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப்பயிர் செய்த கண்டிச் சிங்களக் கிராமத்தவரிடம் பத்திரம் ஏது? இவ்விதம் அவர்கள் கைவிட்டுப் போன நிலம் துரைமாருக்கு விலையாயிற்று. அந்நிலத்திலே காடு வெட்டுவதற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூலிகள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களுள் ஆயிரக்கணக்கானோர் வாந்திபேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். தேயிலைத் தூரைத் தோண்டினால் மாசியும் தேங்காயும் கிடைக்கும் என்று கங்காணிமார் ஆசை காட்டி அழைத்து வந்த கதையைத் தோட்டத்து முதியோர் இன்றும் சொல்லிச் சிரிப்பர். அச்சிரிப்பு எத்தன்மையது என்பது கேட்டவர்களுக்கே தெரியும்.

இனி அம்மையாரிடம் வருவோம். தஞ்சாவூர்ப் பக்கத்தவரான நடேசய்யர் 1920ஆம் ஆண்டையொட்டிக் கொழும்பு வந்து பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். தோட்டங்களுக்குள் அயலார் நுழைந்தால் அத்துமீறல் குற்றம் என்று வழக்குத் தொடுக்கப்பட்ட காலம் அது. புடவை வியாபாரி போல வேடம் பூண்டு அவர் உள்ளே சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் நடத்திய ‘தேசபக்தன்’ பத்திரிகையில் மீனாட்சியம்மாளும் பங்குகொண்டு, பெண்களின் நிலைபற்றியும் எழுதி வந்தார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் அற்றனில் தொடங்கியபோது, கூட்டத்துக்குக் கூட்டம் அம்மையாரும் உடன் சென்றார். கணவர் பேசுவதற்கு முன்னர் மனைவியார் பாடுவார். தொடக்கத்திலே பாரதியார் பாடல்கள். பின்னர்த் தாமே இயற்றியவை.

பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மிகுதியான தொழிலாளருக்கு எழுத்து வாசனை இல்லை. பத்திரிகை லயத்துக்குள் வந்தாலும் வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அது கங்காணியின் கண்ணில் பட்டால் வேலை போகும். பாட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஊரெல்லாம் பழகிய மெட்டிலே இயற்றிவிட்டால், ஒருமுறை கேட்டவர் மறுநாள் பெரட்டுக்களத்திற்குப் போகும் வழியில் முணுமுணுக்கலாம். கொழுந்து பறிக்கும் நிரையில் ஒருத்தி தொடங்க மற்றவர் தொடரலாம். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் தோட்டத்துப் பெண்களிடம் முன்னமே நிறைந்திருந்தன. அவை வீட்டுத் துயரையும் கங்காணியின் கொடுமையையும் பாடின. மீனாட்சியம்மாள் அவ்வழக்கத்தின் மீது நின்றுகொண்டு, சட்டசபையிலே நடப்பதையும் பாட்டுக்குள் கொண்டுவந்தார். இதுவே அவர் செய்த புதுமை என்று நான் கருதுகிறேன். இலக்கண நுட்பமும் சொல்லழகும் தேடிச் செல்வார்க்கு அப்பாட்டுக்களில் குறை தோன்றலாம். அவை ஏட்டிலே படிப்பதற்கு அல்ல, கூட்டத்திலே பாடுவதற்கு எழுதப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

சட்டசபையில் என்ன நடந்தது? 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மாத்திரம் நிரந்தர வாசம் முதலிய நிபந்தனைகள் இடப்பட்டன. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம் குடியேற்றக் காணிகளிலிருந்து அவர்களை விலக்கிற்று. 1937இல் கிராமச் சங்கத் தேர்தல் வாக்குரிமையும் மறுக்கப்பட்டது. 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியர் பலரை நீக்கினர். அதற்கு மறுமொழியாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் தேதி தொடக்கம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. இத்தனையும் நடந்தேறிய மறு ஆண்டிலேதான் அம்மையாரின் நூல் வெளிவந்தது. நிலைமை நாளுக்கு நாள் மோசமாகின்றது, ஒன்றுபட்டு எழுங்கள் என்பதே அப்பாட்டுக்களின் சாரம்.

நம்முடைய கண்டிப் பகுதிக்கும் அவ்வாண்டு மறக்கவொண்ணாதது. 1940 ஜனவரி 10ஆம் தேதி, ஹேவாஹெட்டையைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். பின்னர் அமைந்த விசாரணைக் குழுவின் முன் அவருடைய மனைவியின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். அவ்வேலைநிறுத்தத்தையொட்டிய வழக்குகள் சம்பந்தமாகப் பொலிஸ் மா அதிபருக்கும் மந்திரிகளுக்கும் மூண்ட பிணக்கினால் மந்திரிசபையே இராஜினாமாச் செய்ய நேர்ந்தது. கோவிந்தனின் பெயர் மாத்திரம் சரித்திரத்தில் இடம்பெற்றது. அதற்கு அவர் கொடுத்த விலை யாவரும் அறிவர். டெயிலர் தேயிலை நட்டதும் கோவிந்தன் மாண்டதும் ஒரே ஹேவாஹெட்டைப் பிரதேசம் என்பதை மாணவர்களுக்குப் படத்தில் தொட்டுக் காட்டினாலன்றி அவர்கள் நம்புவதில்லை.

கூலியைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்சம்பளம் மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடை சுமந்து மலை ஏறியவளுக்கு 11 சதம் குறைவு! மேடையிலே ஒரு பெண் ஏறி நின்று பாடியது, பாட்டின் பொருளைக் காட்டிலும் அத்தாய்மாருக்குப் பெரிய செய்தியாக இருந்திருக்கும்.

அவுஸ்திரேலியாவிலே கத் வோக்கர் என்னும் ஆதிக்குடிப் பெண் கவிஞர் இருந்தார். 1920இல் பிறந்து, பின்னாளில் ஊஜரூ நூனக்கல் என்னும் தம் குலப்பெயரைச் சூடிக்கொண்டவர். 1964இல் வெளியான அவருடைய முதற் கவிதைத் தொகுதியே அந்நாட்டு ஆதிக்குடியினர் ஒருவரின் பெயரில் அச்சேறிய முதற் கவிதை நூல் என்பர். ஆங்கிலேயர் வந்திறங்கிய இருநூறாவது ஆண்டை 1988இல் அரசாங்கம் கொண்டாடவிருந்ததை எதிர்த்து, தமக்கு அளிக்கப்பட்டிருந்த பிரித்தானியப் பட்டத்தை அவர் திருப்பியனுப்பினார். ‘நாடு’ என்னும்போது அவர்கள் குறிப்பது படத்திலே கோடிட்ட எல்லையை அன்று. ஆறும் பாறையும் முன்னோரும் ஒன்றாயிருக்கும் இடத்தை.

இவ்விருவரையும் ஒப்பிட எனக்கு ஆசையுண்டு. ஆயினும் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வோக்கருடைய மக்கள் கப்பல் வருமுன்னரே அந்நிலத்தில் இருந்தவர்கள். மீனாட்சியம்மாள் பாடிய மக்களோ கப்பல்காரனால் கொண்டுவரப்பட்டவர்கள். அதுவும் மற்றொரு மக்களிடமிருந்து பறித்த நிலத்துக்கு. கண்டிக் கிராமத்து விவசாயியின் மனத்தாங்கலைப் பொய்யென்று சொல்ல நான் துணியேன். பறித்தவன் துரை, பழி கூலிக்கு. இதனாற் போலும், அம்மையாரின் உரிமைக் குரல் பூர்வீகத்தைக் காட்டி எழவில்லை. உழைப்பைக் காட்டியே எழுந்தது. காட்டை வெட்டிப் பயிர் செய்தவனுக்கு அந்நிலத்தில் இடமில்லையா என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சட்டம் சொன்ன விடை கசப்பானது. நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். மறு ஆண்டே பிறந்த 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தனர். மிகுதி ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்று விட்டனர். அவ்வாண்டிலேதான் கோகிலம் சுப்பையா அவர்களின் ‘தூரத்துப் பச்சை’ என்னும் நாவலும் வெளிவந்தது. தோட்டத்து வாழ்வைக் கதைப்பொருளாகக் கொண்டு ஒரு பெண் எழுதிய அந்நாவலின் தலைப்பே ஏமாற்றத்தைச் சொல்லும். கத் வோக்கரின் தொகுதியும் அதே 1964 என்பது தற்செயல்தான். ஆயினும் வகுப்பிலே கரும்பலகையில் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுவது என் வழக்கம். நாடற்றவர் என்னும் நிலை முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மீனாட்சியம்மாளின் பாட்டுக்கள் இடைக்காலத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தன. மலையக ஆய்வாளர் சாரல் நாடன் 1988இல் வெளியிட்ட ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ முதலிய முயற்சிகளால் அத்தம்பதியரின் தொண்டு மீண்டும் பேசப்பட்டது. பாடநூலிலே டெயிலருக்குக் கிடைத்த இடத்தில் அம்மையாருக்கும் ஒரு பத்தி கிடைத்திருந்தால், எனக்கு அன்று மயானத்திலே நாவெழாமற் போயிராது.

சென்ற தவணையில் அப்பாட்டு நூலைப்பற்றி வகுப்பிலே சொன்னபோது வேறொரு மாணவி எழுந்தாள். “இலங்கையிலே இடம் கேட்டுப் பாடியவர், தலைப்பில் ஏன் இந்தியர்கள் என்று எழுதினார்?” என்றாள். மலையகத் தமிழர் என்னும் பெயர் அன்று வழக்கில் வரவில்லை. 1911 முதல் குடிசன மதிப்பீடு அவர்களை இந்தியத் தமிழர் என்றே தனியே எண்ணியது. துரையும் மந்திரியும் தொழிற்சங்கமும் அப்பெயராலேயே அழைத்தனர் என்று விளக்கினேன். 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறாவது ஆண்டையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியை நினைந்து பலர் நடந்து வந்ததையும் சொன்னேன். அந்த நடையிலே தன் தாயாரும் சில மைல் நடந்தார் என்றாள் அவள். அவருக்கு ஏதேனும் பழைய பாட்டுத் தெரியுமா என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியாது, அம்மாயிக்குத் தெரியும் என்றாள். அடுத்த சனிக்கிழமை கொப்பியும் பேனாவுமாக நாங்கள் இருவரும் அந்த லயத்துக்குப் போவதாக ஏற்பாடு.