கம்பியைப் பிரித்து எண்ணியவர்கள்

சுங்கை பட்டாணி நகரை ஒட்டிய பாக்கார் ஆராங்கின் பெயர் இரண்டு மலாய்ச் சொற்களால் ஆனது. ‘பாக்கார்’ என்றால் சுடுதல். ‘ஆராங்’ என்றால் கரி. கரி என்றதும் நமக்கு அடுப்பும் பழைய இஸ்திரிப் பெட்டியும் நினைவுக்கு வரும். ஆனால் வீட்டு மிக்சியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் மோட்டாரிலும் இரண்டு சிறு கரித்துண்டுகள் இருப்பது தெரியும். சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பவை அவைதாம். அவற்றை பிரஷ் என்கிறோம். தொடக்கத்தில் பிரஷ்கள் செம்பினால் செய்யப்பட்டன. தீப்பொறி பறந்தது, செம்பும் விரைவில் தேய்ந்தது. 1885-ல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கரியைப் பயன்படுத்தலாம் என்று காட்டிய பிறகே அந்தத் தொல்லை குறைந்தது.

இந்தக் கரித்துண்டைத் தொட்டுக்கொண்டு சுழலும் ஒரு சின்ன மோட்டாரின் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். அது ஆலையில் ஓடும் மோட்டார் அன்று. பந்தயத்தில் ஓடும் விளையாட்டுக் காரின் மோட்டார்.

விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். மின்மோட்டாரின் தொடக்கமே ஏறக்குறைய ஒரு விளையாட்டு வண்டிதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிராண்டன் என்ற ஊரில் தாமஸ் டாவன்போர்ட் என்ற கொல்லர் இருந்தார். 1833-ல் இரும்பு ஆலை ஒன்றில் மின்காந்தத்தைக் கண்டு வியந்து, அதை விலைக்கு வாங்கி வந்தார். வந்ததும் அவர் செய்த முதல் வேலை அதைப் பிரித்ததுதான். அவர் கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கழற்ற, மனைவி எமிலி பக்கத்தில் அமர்ந்து குறிப்பு எழுதினார். பின்னர் அவர்களே ஒன்றைச் செய்தபோது, கம்பிகள் ஒன்றோடொன்று தொடாமல் இருக்க எமிலி தம் திருமணப் பட்டாடையைக் கிழித்துச் சுற்றினார் என்று சொல்வார்கள். 1835-ல் டாவன்போர்ட் ஒரு சிறு வட்டப் பாதையில் மாதிரி மின்வண்டியை ஓட்டிக் காட்டினார். 1837-ல் தம் மோட்டாருக்குக் காப்புரிமையும் பெற்றார். அக்காலத்து மின்கலங்களின் செலவு நீராவியோடு போட்டியிட முடியாததாக இருந்தது. பணமின்றி நொடித்து, 1851-ல் அவர் மறைந்தார்.

நம் தோட்டங்களுக்கும் இந்தக் கதை அந்நியமன்று. கித்தா ஆலையில் மோட்டார் எரிந்துவிட்டால் அது நகரத்து வைண்டிங் கடைக்குப் போகும். நல்ல தொழிலாளி கருகிய கம்பியை உடனே வெட்டி எறியமாட்டார். எத்தனை சுற்று, எந்தப் பருமன், எந்தத் திசை என்று எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகே கத்தரிப்பார். எமிலி எழுதிய குறிப்பும் இதே குறிப்புதான். தமிழகத்திலும் அப்படித்தான். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. 1937-ல் அங்கே ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள்.

சின்ன மோட்டாருக்கு வருவோம். ஜப்பானில் போர் முடிந்த வறுமைக் காலத்தில், 1947-ல், மபூச்சி கெனிச்சி என்ற இளைஞர் குதிரைலாட வடிவக் காந்தம் கொண்ட சிறு மோட்டாரை உருவாக்கினார். அதுவரை சாவி கொடுத்து ஓட்டிய பொம்மைகள் மெல்ல மெல்ல மின்கலத்துக்கு மாறின. 1954-ல் தோக்கியோவில் நிறுவனம் அமைந்தது. 1964-ல் ஹாங்காங்கில் தொழிற்சாலை வந்தது. நம் பேராக் மாநிலத்துச் செம்மோரிலும் அந்நிறுவனம் ஒரு காலத்தில் தொழிற்சாலை நடத்தியது.

இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவர் சுருள்வில்லால் ஓடும் தகரக் கார்களைச் செய்துவந்தார். 1957-ல் அவற்றுக்கு மின்மோட்டார் பொருத்தி ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார். பாதையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். காரின் அடியிலுள்ள முளை அதில் இறங்கி வழிகாட்டும். காடியின் இரு ஓரத்திலும் ஓடும் உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் காருக்கு ஏறும். ஓட்டுபவர் கையிலுள்ள விசையை அழுத்த அழுத்த வேகம் கூடும். 1960-களின் நடுவில் இது அமெரிக்காவில் ஒரு வெறியாகவே ஆயிற்று. காசு கொடுத்துக் கார் ஓட்டும் கூடங்கள் ஊருக்கு ஊர் திறந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை மூடின.

ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் ஒரு காரியம் நடந்துவிட்டது. கடையில் வாங்கிய மபூச்சி மோட்டாரின் தகர உறையை இளைஞர்கள் திறந்தார்கள். உள்ளே மூன்று இரும்புக் கைகள், அவற்றைச் சுற்றி மூன்று சுருள்கள். கம்பியைக் கழற்றி எண்ணினார்கள். பிறகு வேறு கம்பியைச் சுற்றினார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? ஒரு கையில் 60 சுற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே இடத்தில், இரு மடங்கு குறுக்குப் பரப்புள்ள கம்பியை 30 சுற்று மட்டும் சுற்றுகிறோம். நீளம் பாதி, பரப்பு இரட்டிப்பு. ஆகவே மின்தடை நாலில் ஒன்றாகக் குறைகிறது. பேட்டரி தாக்குப்பிடித்தால், புறப்படும் கணத்தில் நான்கு மடங்கு மின்சாரம் பாயும். சுற்று பாதியாகிவிட்டதால் திருப்புவிசை நான்கு மடங்காகாமல் இரு மடங்காகும். சுமையின்றிச் சுழலும் வேகமும் ஏறத்தாழ இரு மடங்கு. இதற்குக் கொடுக்கும் விலை வெப்பம். அது நான்கு மடங்கு.

வட்டப் பாதையில் பல நிமிடம் ஓடும் காருக்கு இந்த வெப்பம் எமன். நேர்கோட்டுப் பந்தயத்தில் கதை வேறு. பெரிய கார்களின் ‘டிராக்’ பந்தயம் கால் மைல், அதாவது 1320 அடி. இருபத்துநாலில் ஒரு பங்கு அளவுள்ள சிறு காருக்கு அது 55 அடியாகிறது. ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும் ஓட்டங்களும் உண்டு. எரியும் அளவுக்குச் சூடேறும் மோட்டார்கூட, எரிவதற்கு முன் எல்லைக் கோட்டைக் கடந்துவிடலாம். இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து புறப்படும் நேரமே மோட்டாருக்கு மிகக் கடுமையான நேரம். சுழலத் தொடங்கிய மோட்டார் தானே ஒரு டைனமோவாகி, வரும் மின்சாரத்தை எதிர்த்துக் குறைக்கும். நிற்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை. பேராசையால் சுற்றுகளை மேலும் குறைத்தவர்களுக்குப் புறப்பாட்டுக் கோட்டிலேயே புகைதான் மிஞ்சும்.

கம்பி சுற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. வேகத்தில் சுருள் பிதுங்காமல் இருக்கப் பசையூற்றி இறுக்க வேண்டும். அச்சை இரண்டு சவரக் கத்திகளின் விளிம்பில் வைத்தால் கனமான பக்கம் தானே கீழே உருளும். அந்தப் பக்கத்து இரும்பைச் சிறிது சுரண்டி எடுப்பார்கள். எத்தனை முறை சுரண்டுவது என்பதற்குக் கணக்கில்லை, எந்தப் பக்கமும் உருளாமல் நிற்கும் வரை. அடுத்து கம்யூட்டேட்டர். சுருளில் மின்சாரம் ஏறச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால் அதைச் சில பாகை முன்னோக்கித் திருப்பிப் பொருத்துவார்கள். முன்னும் பின்னும் ஓட வேண்டிய மோட்டாருக்கு இது ஒத்துவராது. பின்னால் போகவே வேண்டாத பந்தயக் காருக்கு ஒத்துவரும். கடைசியில் புதுக் கரித்துண்டுகளைக் குறைந்த மின்னழுத்தத்தில் மெதுவாக ஓடவிட்டு, கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேயவைக்க வேண்டும். பொறுமையில்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தோற்பார்கள்.

நம் நாட்டுச் சிறுவர்கள் பரவலாக அறிந்தது இதன் தம்பி முறையான வேறொரு கார். 1960-களில் காடிப் பாதைக் கார்களைச் செய்துவந்த ஜப்பானின் டாமியா நிறுவனம், 1982-ல் நான்கு சக்கரமும் சுழலும் சிறு கார்களை வெளியிட்டது. அவற்றுக்குப் பாதையில் மின்சாரம் வேண்டாம். இரண்டு சிறு பேட்டரிகள் போதும். அவற்றின் போட்டி விதி ஒன்று கவனிக்கத்தக்கது: மோட்டாரைத் திறந்து மாற்றக் கூடாது. வசதியுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே மோட்டாரில் ஓட்டலாம் என்ற வகையில் அது நியாயமான விதிதான். ஆயினும் அந்தத் தகர உறையை ஒருமுறையேனும் திறந்து பார்க்காத பிள்ளைக்கு, உள்ளே நடப்பது என்றும் மந்திரமாகவே இருக்கும்.

போட்டிக்கு உதவாத பழைய மோட்டார் ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பின்புறம் மடித்துவிட்ட இரண்டு தகர நாக்குகளை நிமிர்த்தினால் மூடி கழன்றுவிடும். ஒரு சுருளை மட்டும் பிரித்து எண்ணுங்கள். எண்ணும்போது ஒருவர் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்வது நல்லது. நாற்பதைத் தாண்டியதும் கணக்கு தவறிப்போகும்.