குங்கிலியம் முதல் கண்ணாடியிழை வரை

சிவன் கோயில்களில் மணக்கும் குங்கிலியப் புகையை அறியாத தமிழர் இலர். திருக்கடவூரில் குங்கிலியப் பணி செய்த கலய நாயனாரின் வரலாறும் மாணவர் அறிந்ததே. ஆயினும், அதே குங்கிலியம் நம் முன்னோரின் மரக்கலங்களைக் கடல்நீர் புகாமற் காத்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பலகைகளின் இடைவெளியில் பஞ்சும் நாரும் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசி அடைக்கும் தொழிலுக்குத் தமிழில் 'கலப்பற்று' என்று பெயர். மலாய் மக்களும் செங்கால் முதலிய மரங்களின் பிசினை 'டாமார்' என வழங்கி, அதனாற் படகின் துளைகளை அடைத்தனர். கடலால் பிரிந்த இரு கரைகளும் ஒரே வகைப் பிசினை நம்பியிருந்தன.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தாரின் தாயகக் கரையிலும் இத்தொழில் சிறந்திருந்தது. வல்வெட்டித்துறையில் உருவான 'அன்னபூரணி' என்னும் பாய்மரக்கப்பல், 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதே ஆண்டில் அதே நாட்டில்தான், கண்ணாடியை நூலிழையாக்கி விற்க ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் தோன்றியது. 1942இல் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ரே கிரீன், கண்ணாடியிழையோடு பாலியெஸ்டர் பிசினைச் சேர்த்துப் படகு செய்தார். மரக்கலத்தின் வெற்றியும் அதற்கு மாற்றாக வந்த பொருளின் பிறப்பும் ஒருங்கே நிகழ்ந்தமை வியப்பிற்குரியது.

பின்னர், யாழ்ப்பாணத்து அந்தோனி இராஜேந்திரம் நோர்வே நாட்டவரோடு இணைந்து தொடங்கிய 'சீநோர்' திட்டத்தின் வழியே, காரைநகரிற் கண்ணாடியிழைப் படகுகள் உருவாயின. தமிழ்நாட்டிலோ, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், கட்டுமரங்கள் இருந்த இடத்தில் இப்படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. தரம் குறைந்தனவும் அவற்றுட் கலந்திருந்தன. படகு கொடுப்பது எளிது. பழுது பார்க்கும் அறிவைக் கொடுப்பது அத்துணை எளிதன்று.

அவ்வறிவு யாது? புதியவர் பிசினைப் பூசுவதையே தொழில் என எண்ணுவர். உண்மையில், பூசுவதற்கு முன் செய்வதே தொழில். உப்பை நன்னீராற் கழுவி, ஈரம் முற்றும் உலரவிட வேண்டும். உடைந்த பகுதியை நல்ல பகுதி தெரியும்வரை தேய்த்தெடுத்து, விளிம்பைப் படகுச் சுவரின் கனத்தைப்போற் பன்னிரு மடங்கு அகலத்திற்குச் சரிவாக்க வேண்டும். சுவர் 5 மில்லிமீட்டர் எனின் சரிவு 60 மில்லிமீட்டர் ஆகும். இறுகிய பழைய பாலியெஸ்டரோடு புதியது கரைந்து ஒன்றாவதில்லை. சொரசொரப்பைப் பற்றியே நிற்கிறது.

ஒரு கிலோ பிசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை இறுகுபொருள் சேர்ப்பர். கிள்ளானின் வெப்பத்தில் அது விரைந்து இறுகுமாதலின், சிறிது சிறிதாகக் கலப்பதே நன்று. இழைவிரிப்பை நனைத்து, உருளையாற் காற்றுக் குமிழிகளை நீக்கி, அடுக்கடுக்காய் இடுதல் வேண்டும். விரைவூட்டும் கோபால்ட்டையும் இறுகுபொருளையும் நேரே கலத்தல் ஒருபோதும் ஆகாது, அது வெடிக்கும். கையுறையும் முகமூடியும் இன்றியமையாதவை.

பழைய கலப்பற்றுத் தொழிலாளியும் அழுகிய பஞ்சைச் சுரண்டி எடுத்த பின்னரே புதியதைத் திணித்தார். பொருள் மாறியது, முறை மாறவில்லை. பழுதை மறைப்பது வேறு, பழுதை நீக்குவது வேறு என்பதே இரு காலத்திற்கும் பொதுவான பாடம்.

1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகமாகத் திறக்கப்பெற்று, 1972இல் பெயர் மாறிய கிள்ளான் துறைமுகத்தில், கெத்தாம் தீவுக்குச் செல்லும் கண்ணாடியிழைப் படகுகளை இன்று மாணவர் காணலாம். அவற்றைக் காட்டும் ஆசிரியர், 'கலப்பற்று' என்னும் சொல்லையும் சேர்த்துக் கற்பிப்பாராக. தொழில் மாறும்போது அதன் சொல்லையும் கைவிட்டால், அத்தொழிலை வளர்த்தோரின் வரலாறும் நம் நினைவினின்று மறைந்துவிடும்.