யாருக்குக் கண் தெரியவில்லை?

1927 ஜனவரி 15. லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ரக்பி ஆட்டம். மரக் குடில் ஒன்றில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார் முன்னாள் ரக்பி வீரர் டெடி வேக்லம். பிபிசியின் முதல் விளையாட்டு நேர்முக வர்ணனை. பார்த்துப் பழக அந்நாட்டில் முன்னோடி யாரும் இல்லை. அதனால் பிபிசிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பார்வையற்ற ஒருவரை அழைத்து வந்து வேக்லமுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். இவருக்கு விளங்கினால் ஊருக்கே விளங்கும் என்பது கணக்கு.

வானொலி வர்ணனையின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு நாற்காலியில் இருக்கிறது. ‘அடடா, என்ன ஆட்டம்!’ என்றால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. பந்து யாரிடம், எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்லியாக வேண்டும். அடுத்த வாரம் ஹைபரியில் ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைட்டெடும் மோதிய கால்பந்து ஆட்டம். மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த படம் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் வந்திருந்தது. வேக்லம் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். இதழை மடியில் விரித்துக்கொண்டவர்கள் விரலாலேயே பந்தைத் துரத்தினார்கள்.

அமெரிக்காவில் பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பருக்கு வேறொரு கவலை. நடுவில் ரேடியோவைத் திருப்புகிறவருக்கு ஸ்கோர் தெரியாதே! முட்டை வேகவைக்க வைத்துக்கொள்ளும் மூன்று நிமிட மணல் கடிகாரத்தை மைக் அருகே வைத்தார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைப்பார்.

1939 ஆகஸ்ட் 26 அன்று அவர் டெலிவிஷனுக்கு வந்தார். புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்டில் டாட்ஜர்ஸ், சின்சினாட்டி ரெட்ஸ் அணிகளின் ஆட்டம். பெரிய லீக் பேஸ்பால் முதன்முதலாகச் சின்னத்திரைக்குப் போன நாள். இருந்தவை இரண்டே கேமராக்கள். திரையில் எது போகிறது என்று பார்க்க பார்பருக்கு மானிட்டர் கிடையாது. எந்தக் கேமராவில் விளக்கு எரிகிறது, அது எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்த்து, குத்துமதிப்பாகப் பேசினார். வேக்லமின் எதிரே இருந்த நாற்காலிக்கு இப்போது வர்ணனையாளரே வந்துவிட்டார்!

வானொலியில் ஆட்டத்தைக் கட்டி எழுப்புகிறவர் வர்ணனையாளர். டெலிவிஷனில் அவர் கேமராவுக்கு ஏவலாள். படம் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் ரசிகர் எரிச்சலாவார். அதனால் வாயை மூடத் தெரிவதும் அங்கே வித்தைதான். ஆனால், கேமரா பார்க்க மறுத்தால்?

1966 செப்டம்பர் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். அறுபதாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய இடத்தில் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 413 பேர். காலி இருக்கைகளைக் காட்டச் சொன்னார் பார்பர். கேமரா திரும்பவில்லை. இன்றைய செய்தி ஆட்டமல்ல, இந்தக் கூட்டம்தான் என்று மைக்கில் அவரே சொல்லிவிட்டார். அந்த சீசனோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை.

திரைக்கு முன்னால் இருந்த அத்தனை பேருக்கும் அந்த ஒரு நிமிடம் அவர் ரேடியோ வர்ணனைதான் செய்தார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: பம்பாயில் மைக்கை யாரோடும் பகிராத பாபி தல்யார்கான்