மூட்டைக்குள் வண்டு வந்தது எப்படி?

நான் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. உஸ்மான்கஞ்சில் நாற்பது வருஷமாகப் பருப்பு வியாபாரம் செய்பவன். கடை மூடிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்க மலருக்காக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில், எங்க ஆயா தண்ணீரை இரட்டைத் துணியில் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுவார்கள். சிற்றுயிர் சாகக்கூடாது என்பது சமணர் வீட்டு வழக்கம். அதே ஆயா பயறு மூட்டையில் வண்டைப் பார்த்தால், "அது தானா உண்டாவதுடா" என்பார்கள். எங்கள் தத்துவார்த்த சூத்திரமும் தாய் தந்தை சேர்க்கையின்றி உடல் உண்டாவதை ஒருவகைப் பிறப்பாக எண்ணி, அதைச் 'சம்மூர்ச்சனம்' என்கிறது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் சில உயிர்கள் தாமே தோன்றும் என்றுதான் எழுதினார்.

1668-இல் இத்தாலியில் ரெடி என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஜாடிகளில் இறைச்சியை வைத்துச் சிலவற்றைத் திறந்துவிட்டார், சிலவற்றின் வாயில் துணி கட்டினார். ஈ புகுந்த ஜாடியில் மட்டுமே புழு வந்தது. ஆயா கையில் இருந்த துணிதான், வேலைதான் வேறு! பயறு வண்டும் அப்படியே. வயலில் காய் மேலேயே முட்டை இட்டுவிடுகிறது. நாம் அதை மூட்டையோடு வாங்கி வருகிறோம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்? அவை தாமே தோன்றும் என்று பிரான்சில் பூஷே வாதாடினார். பாஸ்டர், அன்னத்தின் கழுத்துபோல் வளைந்த குடுவையில் சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போயிற்று, ஆனால் தூசி வளைவிலேயே தங்கிவிட்டது. சாறு கெடவில்லை. 1862-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு பாஸ்டருக்குக் கிடைத்தது.

இத்தோடு வழக்கு முடிந்ததா என்றால், இல்லை. இன்றைய கிருமி தானே தோன்றாது என்பதுதான் தீர்ப்பு. பூமியில் முதல் உயிர் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. ஆதிக் கடலில் ரசாயனப் பொருள்கள் கூடி உயிர் உண்டாகியிருக்கலாம் என்று 1924-இல் ரஷ்யாவின் ஓப்பாரினும், 1929-இல் இங்கிலாந்தின் ஹால்டேனும் எழுதினார்கள். இந்த ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார். 1953-இல் அமெரிக்காவின் மில்லர், நீராவியும் மீத்தேனும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் நிரம்பிய கண்ணாடிக் கலத்தில் மின்பொறி பாய்ச்சி, புரதத்தின் மூலப்பொருளான அமினோ அமிலங்களைக் கண்டார். அவை செங்கல்தான், வீடு அல்ல.

நம் நாட்டிலும் ஒருவர் முயன்றார். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ண பகதூர் 1960-களில் ரசாயனக் கரைசலை வெயிலில் வைத்து, நுண்ணிய உருண்டைகளைப் பெற்று, 'ஜீவாணு' என்று பெயரிட்டார். அவை வளர்கின்றன, பெருகுகின்றன என்றார். 1967-இல் நாசாவின் சார்பில் இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் இலங்கையில் பிறந்து சென்னையில் படித்த பொன்னம்பெருமா. ஜீவாணுவின் இயல்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதே அவர்கள் முடிவு.

இனி நம் ஹைதராபாத்துக்கு வருவோம். உயிர் பூமியில் தோன்றவில்லை, விண்ணிலிருந்து வந்தது என்பது ஹாயில், விக்ரமசிங்கே ஆகியோரின் கட்சி. அதைச் சோதிக்க ஜெயந்த் நார்லிகர் தலைமையில், ஈ.சி.ஐ.எல். பக்கம் உள்ள டாடா நிறுவனத்தின் பலூன் நிலையத்திலிருந்து 2001-லும் 2005-லும் பலூன்கள் பறந்தன. இரண்டாவது முறை 459 கிலோ எடையுள்ள கருவி மேலே போயிற்று. கிருமி நீக்கி, காற்றையும் அகற்றிய 16 எஃகுக் குழாய்கள், 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்துக் காற்றைப் பிடித்துக்கொண்டு பாராசூட்டில் இறங்கின. உப்பல் சாலையில் உள்ள சி.சி.எம்.பி.யிலும் புனேயிலும் தனித்தனியே சோதித்தார்கள். 12 பாக்டீரியாத் தொகுதிகளும் 6 பூஞ்சைத் தொகுதிகளும் கிடைத்தன. மூன்று பாக்டீரியாக்கள் புதிய இனங்கள் என்று 2009-இல் அறிவித்து, ஹாயில், இஸ்ரோ, ஆரியபட்டர் பெயர்களை வைத்தார்கள்.

அவை விண்ணிலிருந்து இறங்கியவையா, மண்ணிலிருந்து ஏறியவையா? விண்ணிலிருந்து வந்ததாக உறுதியாகவில்லை என்று இஸ்ரோவே சொல்லிவிட்டது. பிறகு ஆரியபட்டர் பெயர் கொண்ட இனம் பூமியில் செடிகளின் வேரடி மண்ணிலும் அகப்பட்டது. வானத்திலிருந்தே வந்தது என்று வைத்துக்கொண்டாலும், அங்கே எப்படித் தோன்றியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஜீவன் வேறு, அஜீவன் வேறு. ஒன்று மற்றொன்றாகாது என்பது எங்கள் சமயம். உயிரற்ற பொருளிலிருந்து முழு உயிரை இதுவரை யாரும் குடுவையில் உண்டாக்கிக் காட்டவில்லை. அதனால் என் சமயம் ஜெயித்துவிட்டது என்று நான் சொன்னால் அது நேர்மையான கணக்கு ஆகாது. நாளைக்கே ஒருவர் உண்டாக்கிவிட்டேன் என்று வரலாம். அப்போது நம் பிள்ளைகள் கோபப்படவும் வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். "ஐயா, ஜாடியின் வாயை எப்படி மூடியிருந்தீர்கள்?" என்று முதலில் கேட்கட்டும். ஆயாவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.