டின் பாலும் ஒரு தலைப்பும்

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பேசினார். ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் கோல்ட் கோஸ்டில் வேலை பார்த்துவிட்டு மலாயாவுக்கு மாற்றலாகி வந்தவர். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'மில்க் அண்ட் மர்டர்'. பாலும் கொலையும். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பாலைக் கொடுக்கச் சொல்லும் பிரச்சாரத்தால் குழந்தைகள் சாகின்றன, அந்தச் சாவுகளைக் கொலையாகவே எண்ண வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள், வியாபாரிகள்.

அன்றைய மலாயாப் பத்திரிகைகளைப் புரட்டினால் டின் பால் விளம்பரம் சர்வ சாதாரணம். பத்திரிகை நடப்பதே அந்தக் காசில்தான். அப்புறம் அதே பக்கத்தில் யார் எழுதுவாங்க?

இந்த விஷயம் உலகம் முழுக்கப் பேசப்பட்டதும் நாளிதழ் வழியாக அல்ல. பிரிட்டனில் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த மைக் முல்லர், 1974-ல் 'வார் ஆன் வான்ட்' என்ற தொண்டு அமைப்புக்காக 'தி பேபி கில்லர்' என்று ஒரு சிறு அறிக்கை எழுதினார். சுவிட்சர்லாந்தில் இருக்கும் நெஸ்லே தலைமையகத்துக்கே போய் அவர்கள் தரப்பையும் கேட்டு எழுதியது அது. முல்லர் ஒரு சிவில் இன்ஜினியர். பின்னாளில் தென்னாப்பிரிக்காவின் நீர்வளத்துறைக்குத் தலைமை இயக்குநராக இருந்தார். இன்ஜினியருக்கு எதுக்கு எழுத்து என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம் நான் சொல்கிற பெயர் இவருடையது.

அதே அறிக்கையை சுவிஸ் இளைஞர்கள் சிலர் ஜெர்மனில் கொண்டுவந்தார்கள். தலைப்பை மட்டும் 'நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது' என்று மாற்றினார்கள். நெஸ்லே வழக்குப் போட்டது. 1976-ல் தீர்ப்பு. அவதூறு என்று நின்றது அந்தத் தலைப்புதான். ஆளுக்கு 300 ஃபிராங்க் அபராதம். விற்பனை முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி நிறுவனத்துக்கும் சொன்னார். உள்ளே இருந்த விவரங்கள் தாக்குப்பிடித்தன, தலைப்பு தாக்குப்பிடிக்கவில்லை.

நம் ஊர் இந்தக் கதைக்குள் வருவது பயனீட்டாளர் இயக்கம் வழியாக. 1969-ல் உருவான பினாங்கு பயனீட்டாளர் சங்கம், எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில், தனக்கென்று பத்திரிகை நடத்தியது. தமிழில் 'பயனீட்டாளர் குரல்'. சீனி, மருந்து, சிகரெட், டின் உணவு எல்லாம் அதில் செய்தி. அந்த இயக்கத்திலிருந்து வந்த அன்வர் ஃபசால் 1978-ல் உலகப் பயனீட்டாளர் அமைப்புகளின் ஒன்றியத்துக்குத் தலைவரானார். 1981-ல் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் உணவுகளின் சந்தைப்படுத்தலுக்கு உலக சுகாதார மாநாடு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரவு. எதிர்த்து ஒரே ஓட்டு, அமெரிக்கா. வில்லியம்ஸின் பேச்சை 1986-ல் அந்த ஒன்றியம் சிறு நூலாக வெளியிட்டது, பினாங்கிலிருந்து. பேசி 47 வருஷம் ஆகியிருந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் கொண்டாடும் உலகத் தாய்ப்பால் வாரத்தை 1992-ல் தொடங்கிய வாபா அமைப்பின் செயலகமும் இங்கேதான்.

இதிலிருந்து எனக்குப் புரிவது இது. விளம்பரக் காசை விட்டு வெளியே வந்ததால் இவர்களால் எழுத முடிந்தது. ஆனால் பத்திரிகை அலுவலகத்தில் இருந்த ஒரு வேலையை இவர்கள் கூடவே எடுத்து வந்தார்கள்: சரிபார்ப்பது. இன்றைக்கு நாம் எல்லோருமே சுதந்திர எழுத்தாளர்கள். சர்க்கரை நோய்க்குக் கஷாயம், தடுப்பூசிக்கு எதிராக ஒரு குரல் பதிவு, எல்லாம் வாட்ஸ்அப்பில் தமிழில் வருகிறது. தடுக்க ஆசிரியர் இல்லை. கேள்வி கேட்க உதவி ஆசிரியரும் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், அளவுக் கருவியைச் சோதிக்காமல் அது காட்டும் எண்ணை நாங்கள் எழுதிக்கொள்வதில்லை. உடல்நலம் பற்றி எழுதும்போதும் அவ்வளவாவது செய்யணும்.

இன்னொன்று. தாய்ப்பால் கொடுங்கள் என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. விடிவதற்கு முன்பே பால் மரம் சீவப் போன நம் பாட்டிகள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். காட்டில் நிற்கிறவள் எப்படிப் பால் கொடுப்பாள்? அவளுக்கு டின் பால் ஒரு வழி. டின் மேல் இருந்த கொழுகொழு குழந்தைப் படம் ஓர் ஆசை. அதே கெட்டிப்பால்தான் இன்று நம் தே தாரிக்கில் இருக்கிறது, அதை யாரும் மருந்து மாதிரிக் குடிப்பதில்லை, ருசிக்காகக் குடிக்கிறோம். உடல்நலத்தை எழுதுகிறவர் இந்த வேலை நேரத்தையும் ஆசையையும் ருசியையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2023 ஜனவரியிலிருந்து மலேசியாவில் தனியார் துறைப் பெண்களுக்குப் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வது ஆறு மாதம். மிச்ச நாளுக்கு என் தொழிற்சாலையில் வேலை செய்கிற அக்காக்கள் என்ன செய்கிறார்கள் என்று தமிழில் யாராவது கேட்டு எழுதணும்.